பில் நம் பெயரில், பூட்டு கம்பெனியிடம்: ஐபோன், மேக்புக் வைத்திருப்போருக்குப் பயனுள்ள குறிப்புகள்

மிக்ஸி ஜாரில் புஷ் தேய்ந்தால் தெருமுனைக் கடையில் கொடுத்து மாற்றி வாங்கிவிடுவோம். ஃபேனில் காயில் எரிந்தால் ரீவைண்டிங் செய்து இன்னும் பல வருஷம் ஓட்டுவோம். பழுது பார்த்துப் பயன்படுத்துவது நம் வீடுகளின் வழக்கம். அந்த வழக்கம் செல்போனிலும் லேப்டாப்பிலும் வந்து முட்டி நிற்கிறது. பல வீடுகளில் ஃபிரிட்ஜைவிட விலை கூடிய பொருள் இன்று போன்தான். ஆனால் அதில் எந்தப் பாகத்தை யார் மாற்றலாம், எத்தனை வருஷம் வரை மாற்றலாம் என்பதை, காசு வாங்கி விற்றுவிட்ட கம்பெனி அதன் பிறகும் முடிவு செய்துகொண்டிருக்கிறது. இது நியாயமில்லை என்பதே என் கருத்து.

இந்த விஷயத்தில் உலகம் முழுக்க அதிகமாகப் பேசப்பட்டதும் வழக்குகளைச் சந்தித்ததும் ஆப்பிள் கம்பெனி. அதனால் அதன் பொருட்களை வைத்தே இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். பெரும்பாலானவை மற்ற கம்பெனி போன்களுக்கும் பொருந்தும். பழுது வந்த பிறகு நம் கையில் இருப்பது குறைவு என்பதால், வாங்கப் போகும் நாளிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

1. கடையில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும்போதே, டிஸ்ப்ளே உடைந்தால் மாற்ற எவ்வளவு, வாரண்டி முடிந்த பிறகு பேட்டரி மாற்ற எவ்வளவு என்ற இரண்டையும் கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆப்பிளின் இந்திய இணையதளத்தில் சப்போர்ட் பகுதியில் மாடலைத் தேர்ந்தெடுத்தால் உத்தேசத் தொகை வரும். போனின் விலையோடு ஒரு டிஸ்ப்ளே, ஒரு பேட்டரியின் விலையையும் கூட்டிப் பாருங்கள். நான்கைந்து வருஷம் வைத்திருக்கப் போகிறவருக்கு அதுதான் உண்மையான விலை. பக்கத்தில் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். சிறிய ஊரில் இருப்பவருக்கு ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு பஸ் பயணமும் ஒரு நாள் கூலியும் சேர்ந்து செலவாகும்.

2. மேக்புக் வாங்குவதாக இருந்தால் மெமரி, ஸ்டோரேஜ் இரண்டையும் வாங்கும் நாளிலேயே தீர்மானித்துவிட வேண்டும். பிறகு சேர்க்க வழியில்லை. ஒரு காலத்தில் மேக்புக்கின் அடிமூடியைக் கழற்றி ரேம் சேர்க்க முடிந்தது. 2012இல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்துவிட்டார்கள். 2020இல் எம்1 சிப் வந்ததும் மெமரி அந்தச் சிப்போடேயே சேர்ந்துவிட்டது. 2024 அக்டோபர் வரை மேக்புக் ஏரின் அடிப்படை மாடலில் 8 ஜிபிதான் கொடுத்தார்கள். விலை குறைவு என்று அதை வாங்கியவர்களில் சிலர் சில வருஷத்திலேயே லேப்டாப்பையே மாற்ற வேண்டிய நிலைக்கு வந்தார்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள், பட்ஜெட் இடிக்கிறது என்றால், ரேம் ஸ்லாட்டும் ஹார்ட் டிஸ்க் ஸ்லாட்டும் தனியாக இருக்கிற வேறு கம்பெனி லேப்டாப்பைப் பாருங்கள். "ஸ்லாட் காலியா இருக்கா, பின்னால ரேம் போட முடியுமா?" என்று கேட்டு வாங்குங்கள்.

மெல்லியதாக இருக்க வேண்டும், தண்ணீர் புகக் கூடாது, அதனால் ஒட்டியும் சால்டர் செய்தும்தான் தயாரிக்க முடியும் என்று கம்பெனிகள் காரணம் சொல்கின்றன. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ஃபேர்ஃபோன் என்ற சின்னக் கம்பெனி, பேட்டரி, டிஸ்ப்ளே, கேமரா எல்லாவற்றையும் வாங்கியவரே கழற்றி மாட்டும்படியான போனை 2015இலேயே விற்றது. மனமிருந்தால் பெரிய கம்பெனிகளாலும் இன்னும் எவ்வளவோ செய்ய முடியும்.

3. பில்லில் உங்கள் பெயரும், போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் அல்லது லேப்டாப்பின் சீரியல் நம்பரும் இருக்கின்றனவா என்று கடையை விட்டு வெளியே வரும் முன் பாருங்கள். பளபளப்பான வெப்பத் தாளில் அச்சான பில் சில மாதத்தில் வெளுத்துவிடும். அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். ஒரு போட்டோ எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொண்டால் எந்த ஊரில் இருந்தாலும் கைக்கு வரும். வாரண்டிக்கும், போன் பூட்டிக்கொண்டால் திறக்கச் சொல்வதற்கும், நுகர்வோர் ஆணையத்துக்கும் இந்தத் தாள்தான் ஆதாரம்.

4. போனில் *#06# அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் தெரியும். ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம் வைத்திருக்கும் இடத்தில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். திருடு போனால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கச் சொல்ல இந்த எண் தேவை.

5. வாரா வாரம் பேக்கப். மற்ற எல்லாக் குறிப்புகளையும் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

காரணம் சொல்கிறேன். பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டு போனாலும் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறொன்றில் மாட்டி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். ஐபோனிலும் இப்போதைய மேக்புக்கிலும் அது நடக்காது. போட்டோக்கள் இருக்கும் சிப், போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. அதில் உள்ளதைப் படிக்கும் சாவி அதே போர்டில் உள்ள பாதுகாப்புச் சிப்புக்குள் இருக்கிறது. மேக்புக்கில் 2018லிருந்து டி2 சிப் வழியாக இந்த முறை வந்தது. திருடன் கையில் கிடைத்தாலும் உங்கள் விவரம் போகாது என்பது இதன் நன்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போர்டு செத்தால் அதிலிருப்பதும் உங்கள் கைக்கு வராது. சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் போர்டையோ போனையோ முழுதாக மாற்றிக் கொடுப்பார்கள். டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று நீங்கள் கையெழுத்துப் போடும் தாளிலேயே அச்சிட்டிருக்கும்.

குழந்தையின் முதல் நடை, மறைந்துபோன அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு, இவற்றுக்கு எந்தக் கோர்ட்டும் ஈடு வாங்கித் தர முடியாது. ஆப்பிளின் ஐகிளவுடில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி மட்டுமே. அது போட்டோக்களுக்கு எந்த மூலைக்கும் போதாது. மாதக் கட்டணம் கட்ட விருப்பமில்லாதவர்கள் போனை கேபிள் போட்டு கம்ப்யூட்டரோடு இணைத்து பேக்கப் எடுக்கலாம்; அதற்குக் காசு இல்லை. மேக்புக்குக்கு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, அதிலேயே இருக்கும் டைம் மெஷின் என்ற பேக்கப் வசதியை ஓட விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை என்று நேரம் வைத்துக்கொண்டால் வீட்டில் எல்லோருடையதும் முடிந்துவிடும்.

6. ஆப்பிள் கணக்கின் மின்னஞ்சல், பாஸ்வேர்டு இரண்டும் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிய வேண்டும். கடைக்காரப் பையன் அவசரத்தில் உருவாக்கிக் கொடுத்த கணக்கை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பாஸ்வேர்டு கேட்டால் முழிப்பார்கள். போனை அழித்துப் புதிதாகத் தொடங்கினாலும் அந்தக் கணக்கைக் கேட்கும். இல்லையென்றால் போன் திறக்காது. பில்லோடு ஆப்பிளிடம் விண்ணப்பித்துத்தான் பூட்டை எடுக்க முடியும்.

வீட்டுப் பெரியவர்களின் போனில் லெகஸி கான்டாக்ட் என்ற வசதியைப் போட்டு வையுங்கள். ஐஓஎஸ் 15.2லிருந்து இருக்கிறது. அவர்கள் காலமான பிறகு, நீங்கள் வைத்திருக்கும் சாவி எண்ணையும் இறப்புச் சான்றிதழையும் கொடுத்தால் அவர்கள் கணக்கில் உள்ள போட்டோக்களைப் பெறலாம். பேசத் தயக்கமாக இருக்கும் விஷயம்தான். துக்க வீட்டில் பூட்டிய போனை வைத்துக்கொண்டு தவிப்பதற்கு, இன்றைக்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்து செய்துவிடுவது மேல்.

7. போன் மெதுவாகிவிட்டதா? புதுப் போன் பார்க்கும் முன் பேட்டரியைப் பாருங்கள். செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் பேட்டரி ஹெல்த் என்று இருக்கும். ஐபோன் 14 வரையிலான போன்களின் பேட்டரி 500 முழு சார்ஜ் வரைக்கும், 15 முதலானவற்றில் 1000 முழு சார்ஜ் வரைக்கும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்கும்படி செய்யப்பட்டிருப்பதாக ஆப்பிளே சொல்கிறது. 80க்குக் கீழே போய்விட்டால் பேட்டரியை மாற்றுங்கள். பெரும்பாலான போன்கள் இன்னும் இரண்டு மூன்று வருஷம் நன்றாக ஓடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பேட்டரி நலிந்த போன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க அவற்றின் வேகத்தை ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் மூலம் குறைத்ததை 2017 டிசம்பரில்தான் ஆப்பிள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அப்டேட் வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. போனுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்து அதற்குள் எத்தனையோ பேர் புதுப் போன் வாங்கியிருப்பார்கள். மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 2018க்கு மட்டும் 29 டாலராகக் குறைத்தார்கள். வாங்கியவர்களிடம் சொல்லாமல் செய்ததற்காக பிரான்ஸ் 2020 பிப்ரவரியில் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. அதே வருஷம் நவம்பரில் அமெரிக்க மாநிலங்கள் சேர்ந்து தொடுத்த நடவடிக்கையை 11.3 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. ஒரு பேட்டரி மாற்றினால் சரியாகிவிடும் என்ற ஒரு வரியை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காது.

8. பேட்டரியைக் கெடுப்பது சூடு. 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தவே ஐபோன் செய்யப்பட்டிருக்கிறது. நம் ஊர்ச் சித்திரை வெயில் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். பைக்கில் ஹேண்டில்பார் மேல் மாட்டி மேப் பார்ப்பது, காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போவது, தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவது மூன்றையும் நிறுத்துங்கள். டிஸ்ப்ளே ஓரம் தூக்கிக்கொண்டு வந்தாலோ, மேக்புக்கின் டச்பேட் அழுத்த வராமல் இறுகினாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், அணைத்துவிட்டு நேராகக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

9. டிஸ்ப்ளே உடைந்து வெளிக்கடையில் மாற்றுவதாக இருந்தால், மாற்றிய பிறகு எது வேலை செய்யாது என்று முதலிலேயே கேளுங்கள். வெறும் கண்ணாடியை மாற்றும் வேலையாக இது இப்போது இல்லை.

ஐபோனின் டிஸ்ப்ளே, பேட்டரி, கேமரா ஒவ்வொன்றையும் அந்தக் குறிப்பிட்ட போனின் போர்டோடு எண் வைத்து இணைத்திருக்கிறார்கள். வேறு பாகம் போட்டால் போன் கண்டுபிடித்துவிடும். இது 2016 வாக்கில் பெரிய சண்டையாக வெளியே வந்தது. வெளியில் ஹோம் பட்டன் மாற்றிய ஐபோன் 6 போன்கள், அப்டேட் செய்ததும் 'எரர் 53' என்று காட்டிவிட்டுச் செத்துப்போயின. எதிர்ப்பு கிளம்பவே ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு அந்தப் போன்களை மீட்கும் அப்டேட்டை விட்டது. ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் அதோடு விடவில்லை. வெளியாள் கை வைத்த போனுக்கு உரிமை எதுவும் கிடையாது என்று குறைந்தது 275 பேரிடம் சொல்லியதற்காக, 2018 ஜூனில் அங்குள்ள ஃபெடரல் கோர்ட் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 2019இல் ஐபோன் 11 வந்தபோது, வேறு டிஸ்ப்ளே போட்டால் இது ஒரிஜினல்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்ற எச்சரிக்கை வந்தது. 2021இல் ஐபோன் 13இல் டிஸ்ப்ளே மாற்றினால் ஃபேஸ் ஐடியே நின்றுபோனது. கண்டனம் எழுந்த பிறகு அதை விலக்கிக்கொண்டார்கள். இன்னொரு ஐபோனிலிருந்து கழற்றிய அசல் ஆப்பிள் டிஸ்ப்ளேவைப் போட்டாலும் எச்சரிக்கை வந்ததுதான் எனக்குக் கோபம் தருகிற விஷயம். ஐஓஎஸ் 18இல்தான், பழைய அசல் பாகத்தைப் போனிலேயே பதிவு செய்யும் ரிப்பேர் அசிஸ்டண்ட் என்ற வசதி வந்திருக்கிறது.

அதனால் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை: போடப்போவது ஒரிஜினலா, கழற்றியதா, டூப்ளிகேட்டா? ட்ரூ டோன் (வெளிச்சத்துக்கேற்ப டிஸ்ப்ளே நிறம் மாறுவது) வருமா? ஃபேஸ் ஐடி வேலை செய்யுமா? எச்சரிக்கை வருமா? பில்லில் எத்தனை நாள் வாரண்டி எழுதித் தருவீர்கள்? கழற்றிய பழைய டிஸ்ப்ளேவைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள சின்னச் சிப்பின் விவரம் பின்னால் தேவைப்படலாம்.

10. வாரண்டி இருக்கும்போது வெளிக்கடையில் போனைத் திறக்க விடாதீர்கள். வேறு எந்தப் பழுதுக்குப் போனாலும் அதையே காரணம் காட்டி மறுக்க இடம் கொடுத்துவிடும்.

11. பழைய ஐபோன் வாங்குகிறவர்கள் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போய்ப் பாருங்கள். பாகம் மாற்றியிருந்தால் அங்கே 'பார்ட்ஸ் அண்ட் சர்வீஸ் ஹிஸ்டரி' என்று தெரியும். விற்பவர் அவருடைய கணக்கிலிருந்து வெளியேறி, உங்கள் கண்முன் போனை அழித்துக் கொடுத்த பிறகு பணம் கொடுங்கள். சஞ்சார் சாத்தி தளத்திலேயே 'நோ யுவர் மொபைல்' (KYM) என்ற வசதி இருக்கிறது, ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் போட்டால் முடக்கப்பட்ட போனா என்று சொல்லிவிடும்.

12. ஐபி68 (தண்ணீர் தாங்கும்) என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பி போனைக் கிணற்றடிக்கும் கடற்கரைக்கும் கொண்டு போகாதீர்கள். தண்ணீரால் வரும் பழுது வாரண்டியில் வராது. தண்ணீர் தாங்கும் தன்மை நிரந்தரமில்லை, பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையும் என்று கம்பெனியே சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறது. விளம்பரத்தில் ஒன்றும் வாரண்டியில் இன்னொன்றும் சொல்வதாகக் கூறி இத்தாலி 2020 நவம்பரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது.

நனைந்துவிட்டால் உடனே அணைத்து, துடைத்து, காற்றாட வையுங்கள். காயும்வரை சார்ஜ் போடக் கூடாது. அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்க வேண்டாம். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிளும் எச்சரிக்கிறது. பல ஐபோன்களில் சிம் தட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்னப் பொட்டு தெரியும். வெள்ளையாகவோ வெள்ளி நிறமாகவோ இருந்தால் நல்லது. சிவந்திருந்தால் தண்ணீர் பட்டிருக்கிறது. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் கவுன்ட்டரிலேயே அதைக் காட்டி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு "தண்ணி பட்டிருக்கு" என்று பேச்சு வந்தால் பதில் உங்கள் கையில் இருக்கும்.

13. சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் அவசரப்பட வேண்டாம். ஜாப் ஷீட்டில் என்ன பழுது என்பதோடு, போனின் நிலையையும் எழுதச் சொல்லுங்கள்: கீறல் இல்லை, டிஸ்ப்ளே உடையவில்லை, ஸ்பீக்கர் வேலை செய்கிறது. முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். எஸ்டிமேட்டை வாய் வார்த்தையாக வாங்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள்.

பாஸ்கோடைச் சொல்லாதீர்கள். பேக்கப் எடுத்துவிட்டுப் போனை அழித்துக் கொடுப்பது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு. போன் இயங்கும் நிலையில் இருந்தால் சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட், பிக்சலில் ரிப்பேர் மோட் போட்டுக் கொடுக்கலாம். உங்கள் போட்டோக்கள் அவர்கள் கண்ணில் படாது. ஐபோனில் ஸ்டோலன் டிவைஸ் புரொடக்‌ஷன் (திருட்டுப் பாதுகாப்பு) போட்டிருப்பவர்கள், சர்வீஸுக்குத் தருவதற்காக அதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே நிறுத்திவிடுங்கள். வெளியிடத்தில் நிறுத்தப் பார்த்தால் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். பெண்களும் வயதானவர்களும் கவுன்ட்டரில் இதற்காகவே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பழுது பார்க்காமல் வேறு போன் மாற்றிக் கொடுத்தால் அதன் ஐ.எம்.இ.ஐ. எண் வேறாக இருக்கும். உங்கள் பில்லில் பழைய எண் இருக்கும். புது எண் எழுதிய தாளை வாங்காமல் நகராதீர்கள். மாற்றிக் கொடுத்த போனுக்கு, பழைய வாரண்டியின் மிச்சம் அல்லது 90 நாள், இதில் எது அதிகமோ அது உண்டு.

14. "போர்டு போயிடுச்சு, மாத்தணும்" என்று போன் விலையில் பாதியைச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். வாரண்டி முடிந்த பொருளாக இருந்தால் இன்னொரு கருத்தைக் கேளுங்கள். சார்ஜ் ஏறாதது, நெட்வொர்க் வராதது போன்ற பல பழுதுகள் போர்டில் ஒரே ஒரு ஐசியால் வருபவை. சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களிலும் மைக்ரோஸ்கோப் வைத்து அந்த ஐசியை மட்டும் எடுத்து மாற்றும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். இந்த வேலைக்குக் கம்பெனி அவர்களுக்கு வரைபடம் கொடுப்பதில்லை, ஐசி விற்பதில்லை, பயிற்சியும் தருவதில்லை. திருகைக் கூட ஐந்து இதழ் வடிவத்தில் தனியாகச் செய்து வைத்திருக்கிறது. அப்படியும் அவர்கள் கற்றுக்கொண்டு செய்கிறார்கள். வீட்டுக்குத் தெரிந்த, நேர்மையான ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் அவர் எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள், பேரம் பேசி நோகடிக்காதீர்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் நம் ஊர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஐபோன்களைப் பூட்டி அனுப்புகிறார்கள். பொதுமக்களுக்கே பாகமும் கருவியும் விற்கும் திட்டத்தை ஆப்பிள் 2022 ஏப்ரலில் ஆரம்பித்தபோது அது அமெரிக்காவில் மட்டுமே கிடைத்தது. இங்கே பூட்டப்படும் போனை இங்கே திறந்து சரிசெய்ய இங்குள்ளவருக்குப் பாகம் கிடைக்க வேண்டும். இதைக் கேட்பதில் பேராசை எதுவும் இல்லை.

15. காசு கட்டும் முன், உங்கள் பழுது கம்பெனியே ஒப்புக்கொண்ட தயாரிப்புக் குறையா என்று பாருங்கள். 2015இலிருந்து மேக்புக்கில் வந்த பட்டர்ஃபிளை கீபோர்டில் ஒரு தூசி போனாலே எழுத்து விழாது, இல்லை இரண்டு முறை விழும். கீபோர்டை மட்டும் தனியாக மாற்ற வராது. மேல் பாகம் முழுவதையும் பேட்டரியோடு மாற்ற வேண்டும். பலர் காசு கட்டி மாற்றினார்கள். 2018 ஜூனில்தான், வாங்கிய நாளிலிருந்து நான்கு வருஷம் வரை இலவசமாகச் சரிசெய்வதாக அறிவிப்பு வந்தது. முன்பு காசு கட்டியவர்கள் திரும்பக் கேட்கவும் அதில் இடமிருந்தது. இதுபோன்ற இலவசத் திட்டங்களின் பட்டியல் ஆப்பிளின் சப்போர்ட் தளத்தில் இருக்கிறது. கவுன்ட்டரில் இருப்பவர் தாமாகச் சொல்வார் என்று காத்திருக்காமல் நாமே பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

16. விற்பனையை நிறுத்தி ஐந்து வருஷம் தாண்டிய மாடலை ஆப்பிள் 'விண்டேஜ்' பட்டியலிலும், ஏழு வருஷம் தாண்டியதை 'அப்சொலீட்' பட்டியலிலும் சேர்க்கிறது. ஐந்துக்குப் பிறகு பாகம் இருந்தால் கிடைக்கும். ஏழுக்குப் பிறகு சர்வீஸ் கிடையாது, சில மேக்புக்குகளின் பேட்டரி மட்டும் விதிவிலக்கு. உங்கள் மாடல் விற்பனை நின்று ஐந்து வருஷத்தை நெருங்குகிறது, பேட்டரியும் தளர்ந்திருக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் இப்போதே மாற்றிவிடுங்கள்.

17. சார்ஜருக்குக் கம்பெனி முத்திரை தேவையில்லை. 2020இல் ஐபோன் 12 வந்ததிலிருந்து பெட்டியில் சார்ஜர் தருவதில்லை. பி.ஐ.எஸ். பதிவு எண் உள்ள எந்த நல்ல யூஎஸ்பி பிடி சார்ஜரும் போதும். ஃபுட்பாத்தில் பெயர் இல்லாமல் விற்பதை மட்டும் வாங்காதீர்கள்.

18. பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜ் போட்டால் வேலை செய்யாதபடி அப்டேட் மூலம் தடுக்கும் வழக்கம் அங்கேயும் உண்டு. 2016 செப்டம்பரில் ஹெச்பி பிரிண்டர்கள் பல ஒரே நேரத்தில் இப்படி மறுத்து, கம்பெனி மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. வாங்கியதும் ஆட்டோமேட்டிக் அப்டேட்டை நிறுத்த முடியுமா என்று பாருங்கள். புதிதாக வாங்குவதானால் பாட்டில் மை ஊற்றும் டேங்க் மாடலாக வாங்குங்கள்.

19. நியாயம் கிடைக்கவில்லை என்றால் புகார் கொடுங்கள். சண்டை போட்டுவிட்டு வருவதால் எதுவும் பதிவாகாது. முதலில் கம்பெனிக்கு மின்னஞ்சல்: வாங்கிய தேதி, ஐ.எம்.இ.ஐ. எண், ஜாப் ஷீட் எண், அவர்கள் சொன்ன காரணம், நீங்கள் கேட்பது இலவசப் பழுதா, வேறு போனா, பணமா. பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பொருளை வாங்கிய ஊருக்கோ கம்பெனி இருக்கும் ஊருக்கோ அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

மத்திய அரசு 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதே வருஷம் டிசம்பர் 24 அன்று 'ரைட் டு ரிப்பேர் இந்தியா' என்ற தளத்தைத் தொடங்கியது. கம்பெனிகளின் சர்வீஸ், பாகம், வாரண்டி விவரங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம் என்ற அளவில் உதவும். ஆனால் வெளிக்கடைக்காரருக்குப் பாகத்தை விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், பாகங்களை எண் வைத்துப் பூட்டி வெளியாட்களைத் தடுப்பதற்கே 2024இல் தடைச் சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல், விற்பனை நிறுத்திய பிறகும் ஏழு வருஷம் போன் பாகங்கள் கிடைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. வாங்கியவர்கள் விடாமல் எழுதி, கேட்டு, வழக்குப் போட்டதால் அங்கே இது வந்தது. உங்கள் ஒரு மனுவும் அந்தக் கணக்கில் சேரும். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

20. பயன்படாமல் போன போனை அலமாரியில் போட்டு வைக்காதீர்கள். உள்ளே பேட்டரி உப்பலாம். முதலில் கணக்கிலிருந்து வெளியேறி, அழித்து, சிம்மை எடுத்துவிடுங்கள். டிஸ்ப்ளே நன்றாக இருந்தால் உங்கள் பழுதுக் கடைக்காரரிடம் கொடுத்துப் பாருங்கள். அந்தப் பாகம் இன்னொருவர் போனுக்கு உதவும். எதற்கும் உதவாததை, பேட்டரியைக் கழற்றாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.